பிடி அரிசியிலிருந்து பேரவை வரை

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் வானம் பார்த்த பூமியாகும். கரிசலில் மழையை நம்பிக் கம்பும் சோளமும் வரகும் விதைப்பர். கையில் காசு பார்ப்பதற்குப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் உண்டு. திருச்சுழியைத் தழுவிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறாகவே கிடக்கும். கண்மாய் நிறைந்தால் அவ்வாண்டு பிழைப்பு. நிறையாவிடில் ஊரைப் பூட்டிவிட்டுப் பிழைக்கச் செல்லுதல். இந்நிலத்தின் பருத்தியும் மல்லியும் மிளகாயும் வண்டியேறிச் சென்று விலையான சந்தைகளுள் தலையாயது மேற்கே இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள விருதுநகர். அக்காலத்தில் அதற்கு விருதுபட்டி என்று பெயர். அவ்வூரில் 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் காமராசர்.

குலதெய்வமான காமாட்சியின் பெயரையே குழந்தைக்கு இட்டனர். தாய் இராசா என்று அழைத்தார். இரண்டும் கூடிக் காமராசர் என்னும் பெயர் அமைந்தது. அவர் ஆறு வயதுச் சிறுவராக இருந்தபோது தந்தையார் மறைந்தார். தாயார் தம் நகைகளை விற்ற தொகையை வணிகர் ஒருவரிடம் கொடுத்துவைத்து, அதன் வட்டியைக் கொண்டு மகனையும் மகள் நாகம்மாளையும் வளர்த்தார். பாட்டி பார்வதி அம்மாளின் துணையும் இருந்தது. விருதுநகர் வணிகர் குடும்பங்களில் அன்று அரிதாகக் காணப்பட்ட நிலையன்று இது. ஆணின் கை விழுந்தால் வட்டியும் திண்ணையும் மிஞ்சும்.

அவர் பயின்ற பள்ளியைப் பற்றி இங்குச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அரசின் கொடையால் எழுந்ததன்று. ஊரின் வணிகர்கள் தம் சரக்கின்மீது தாமே விதித்துக்கொண்ட மகமை ஒருபுறம். வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துக் கலயத்தில் சேர்த்த பிடி அரிசி மறுபுறம். இவ்விரண்டினாலும் நடந்தது அப்பள்ளி. கலயங்களிலிருந்து திரட்டிய அரிசியை விற்று ஆசிரியர்க்கு ஊதியம் கொடுத்தனர். நாள்தோறும் சமைக்கும் ஒரு பெண்ணின் கைப்பிடியளவுதான் ஒரு பள்ளியின் முதல் என்னும் கணக்கு, பொருளியல் நூல்களில் காணப்படாத கணக்காகும். இப்பள்ளியில் ஆறாம் வகுப்பளவில் காமராசரின் படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் அமர்த்தப்பட்டார். படிப்பை இழந்தார் எனினும், படிப்பு எவ்வாறு ஊரின் பொதுச்சொத்தாக நடத்தப்படுகிறது என்பதை உடன்கொண்டு சென்றார். இவ்வொரு செய்தியை மனத்திற்கொண்டு நோக்கினால் அவருடைய பிற்கால ஆட்சியின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

துணிக்கடையில் துணி விற்றதைவிடச் செய்தித்தாள் படித்ததும், கூட்டங்களுக்குச் சென்றதுமே மிகுதி. வரதராசுலு நாயுடு, திரு.வி. கலியாணசுந்தரனார், சார்ச் சோசப்பு ஆகியோரின் மேடைப் பேச்சுகள் அவ்விளைஞரை ஈர்த்தன. 1919-இல் சாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. அதனை ஒட்டி அவர் காங்கிரசில் சேர்ந்தார். பையன் கெட்டுப்போவான் என்று அஞ்சிய குடும்பத்தார் திருவனந்தபுரத்திலிருந்த மற்றொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினர்; அங்கிருந்தவர் வைக்கம் சத்தியாக்கிரகத்திற் கலந்துகொண்டார். அனுப்பியவர்களின் நோக்கம் அத்துடன் முறிந்தது. திருமணப் பேச்சும் அவ்வாறே முறிந்தது. இறுதிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

1930-இல் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்திற் கலந்துகொண்டு சிறை சென்றார். காந்தி-இர்வின் உடன்பாட்டினால் 1931-இல் விடுதலையானார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் சேர்க்கப்பட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்படாமையால் விடுபட்டார். 1940-இல் மீண்டும் சிறை. 1942 ஆகத்துப் போராட்டத்தின்பின் 1945 வரை அமராவதிச் சிறை. ஆறு முறையாக மூவாயிரம் நாட்களுக்கு மேல் சிறையிற் கழித்தவர் அவர். ஆங்கிலம் படித்ததும் நூல்களிற் பழகியதும் பெரும்பாலும் அந்நாட்களில்தாம். படிக்காத மேதை என்று அவரைப் புகழ்ந்து எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். பள்ளி அவரை விட்டுவிட்டது உண்மை. அவர் படிப்பை விடவில்லை. அவர் வீட்டில் இறுதியில் மிஞ்சியவற்றுள் நூல்கள் இருந்தன.

அவருடைய சட்டமன்ற வாழ்வு 1937-இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதில் தொடங்குகிறது. வரி செலுத்துவோர்க்கும் எழுத்தறிந்தோர்க்குமே வாக்குரிமை இருந்த காலம் அது. கரிசற்காட்டின் பெரும்பான்மையோர் வாக்குச்சாவடியை அறியார். 1946-இல் அவர் மீண்டும் பேரவைக்கு வந்தார். அவ்வாண்டிலேயே அரசியல் நிர்ணய சபைக்கும் உறுப்பினரானார். மாநில அவையிலாயினும் தில்லியிலாயினும் அவருடைய பேச்சு மிகச் சிறிது. சொல்வன்மையால் புகழ்பெற்ற சத்தியமூர்த்தியைத் தலைவராகக் கொண்டவர், சொல்லில் இத்துணைச் சிக்கனமாக இருந்தது வியப்புக்குரியது. 1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவராகவும் காமராசர் செயலாளராகவும் அமைந்தனர். 1940-இல் காமராசர் தலைவராயினார். சத்தியமூர்த்தி அவருக்குக் கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற இசைந்தார். அரசியலில் இத்தகைய இடமாற்றத்தை மனவேறுபாடின்றி ஏற்ற ஆசிரியரும் மாணவரும் மிகச் சிலர். சத்தியமூர்த்தி 1943-இல் மறைந்தார். விடுதலை வந்த நாளில் காமராசர் முதலிற் சென்று கொடியேற்றியது அவர் வீட்டில்தான்.

1941-இல் நிகழ்ந்த ஒன்றையும் இவ்விடத்திற் சொல்லலாம். சிறையிலிருந்தபோதே அவர் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். விடுதலையாகி வந்ததும் பொறுப்பை ஏற்ற கையோடு அதனைத் துறந்தார். முழுக் கவனம் செலுத்த இயலாத பதவியைப் பெயருக்கு வைத்திருப்பது தகாது என்பது அவர் எண்ணம். சொந்த ஊரின் பதவி அவரை ஒருநாளும் ஆளவில்லை. பிற்காலத்தில் அவர் முதலமைச்சராக இருந்தபோது, விருதுநகரில் தாயார் வாழ்ந்த வீட்டுக்குள் நகராட்சியார் தனிக் குடிநீர்க் குழாய் அமைத்துக் கொடுத்தனர். அதனை அவர் அகற்றச் செய்தார். தண்ணீருக்குப் பெண்கள் குடத்துடன் வரிசையில் நிற்கும் வறட்சி நிலத்தில் இச்செய்தி கதையாகப் பரவியதில் வியப்பில்லை. தாயாரின் மனம் அதனால் நொந்திருக்கும் என்பதை மட்டும் அக்கதையைச் சொல்வோர் சொல்வதில்லை.

1946 முதல் 1954 வரை சென்னை மாநிலத்தில் முதலமைச்சர்கள் வருவதற்கும் போவதற்கும் பின்னின்று இயக்கியவர் அவரே. பிரகாசம் விலகியபின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், அவருக்குப்பின் இராசபாளையம் குமாரசாமிராசா என ஆட்சிகள் மாறின. இராசாசியோடு அவருக்கு நெடுங்காலப் பிணக்கு இருந்தது. 1952-இல் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்னும் முதற் பொதுத்தேர்தலில் காமராசர் திருவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குச் சென்றார். மாநிலத்திற் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. இராசாசி சட்ட மேலவைக்கு நியமிக்கப்பெற்று முதலமைச்சரானார். 1953-இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம்தான் காமராசரை அப்பதவியின் வாசலுக்குக் கொணர்ந்தது.

அத்திட்டத்தின்படி சிற்றூர்ப் பிள்ளைகள் அரைநாள் பள்ளிக்கு வருவர். எஞ்சிய அரைநாள் பெற்றோரின் தொழிலைக் கற்பர். பள்ளிக்கூடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இரட்டை எண்ணிக்கைப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது இராசாசியின் வாதம். குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் எதிர்த்தனர். அருப்புக்கோட்டை போன்ற நெசவூரில் அரைநாளின் பொருள் யாவருக்கும் தெரியும். தறிக்குழியிற் காலிட்ட பிள்ளை மறுநாட் காலையில் பலகையை எடுக்காது. கரிசற்காட்டில் ஆடு மேய்க்கப் போன பிள்ளையும் அவ்வாறே. அரைக்கூலியாவது வருகிறதே என்று வீடு பழகிவிட்டால் முழுப் பள்ளிக்குத் திரும்ப வழியில்லை. தாமே அவ்வாறு கடைக்குப் போன பையனாக இருந்தவர் காமராசர். கட்சிக்குள் எதிர்ப்பு முற்றி இராசாசி விலகினார். தலைமைப் போட்டியில் சி. சுப்பிரமணியத்தை வென்று 1954 ஏப்பிரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். தோற்றவரையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையிற் சேர்த்துக்கொண்டார். எட்டே பேர் கொண்ட அமைச்சரவை அது. அரைநாள் திட்டம் அடுத்த திங்களிலேயே கைவிடப்பட்டது; அதனை அவையில் அறிவித்தவர் கல்வி அமைச்சரான சுப்பிரமணியமே.

மக்களவை உறுப்பினராக இருந்தவர் ஆறு திங்களுக்குள் மாநில அவைக்குள் வரவேண்டும். மேலவைக்குச் செல்லுதல் எளிது. முன்னவர் காட்டிய வழியும் அது. காமராசர் அவ்வழியை விலக்கி, வட ஆர்க்காட்டுக் குடியாத்தத்தில் நடந்த இடைத்தேர்தலில் நின்றார். தமக்கு ஊரும் உறவும் இல்லாத தொகுதி. பொதுவுடைமைக் கட்சி எதிர்த்தது. பெரியாரும் அண்ணாவும் ஆதரித்தனர். வென்றார். முதலமைச்சர் மக்களிடம் நேரே வாக்குக் கேட்டு அவைக்குள் வருதல் வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அவர் செய்துகாட்டினார். 1957-லும் 1962-லும் அவர் மீண்டும் சாத்தூர்த் தொகுதிக்கே வந்தார்.

இனி அவர் ஆட்சியின் நடுப்பொருளுக்கு வருவோம். ஊர்தோறும் பள்ளி, பள்ளி நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும், ஓராசிரியராயினும் இருத்தல் வேண்டும். இதுவே அவர் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவிடம் ஒப்படைத்த வேலை. பள்ளிகள் திறந்தன, பிள்ளைகள் வரவில்லை. காரணம் கரிசற்காட்டானுக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. பகலுணவு வயலில் கிடைக்கும், பள்ளியில் கிடைக்காது. 1956-இல் தொடங்கிய பகல் உணவுத் திட்டம் இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தது. அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியே தெற்கே சென்றால் வரும் எட்டயபுரம், அத்திட்டம் தொடங்கப்பெற்ற இடமாகக் குறிக்கப்படுகிறது. பாரதி பிறந்த ஊரில் அது தொடங்கியமை கவிஞர்களுக்கு உவப்பான செய்திதான். எனினும் அவ்வூரின் நிலமும் இதே கரிசல்தான் என்பதும், பசி அங்குப் பாட்டுக்கு முந்தையது என்பதும் கருதத்தக்கன.

திட்டத்தின் அமைப்பை நோக்கினால் பழைய கலயம் மீண்டும் வெளிப்படும். முதலில் ஊரார் கொடையாகவே பல இடங்களிற் சமையல் நடந்தது. பின்னர் அரசு மானியம் வந்தபோதும் ஓருணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, அரசு ஆறு காசு தந்தது. நான்கு காசை ஊர் தேடிக்கொள்ள வேண்டும். அறுவடைக் காலத்தில் தானியமாகவும், மற்றைக் காலத்தில் விறகாகவும் காய்கறியாகவும் ஊரார் கொண்டுவந்து கொடுத்தனர். பிடி அரிசியைக் கொண்டு விருதுநகர்ப் பெண்கள் ஒரு பள்ளியை நடத்தினர். அவர்களுடைய பள்ளியிற் பயின்று இடைநின்ற சிறுவன் ஒரு மாநிலத்தையே அக்கலயத்தின் முறையில் நடத்திப் பார்த்தான். 1958 முதல் மாவட்டந்தோறும் கூடிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே முறையின. ஒருவர் கரும்பலகை கொடுப்பார், ஒருவர் கடிகாரம், ஒருவர் கிணறு, ஒருவர் ஓட்டுக் கூரை. 1961 முதல் கேர் என்னும் அமெரிக்க அமைப்பின் பால்மாவும் தானியமும் பள்ளிகளுக்கு வந்தன. அம்மாவுப் பாலின் மணம் அக்காலத்துப் பிள்ளைகள் பலருக்கு இன்றும் நினைவிலிருக்கும். சீருடையும், ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்குக் குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா உயர்நிலைக் கல்வியும் தொடர்ந்தன. ஏழைக் குடும்பத்துப் பெண்மக்களுக்கு இவற்றின் பயன் இருமடங்கு. ஒரு பிள்ளையைத்தான் படிக்கவைக்க முடியும் என்னும் வீட்டில் அப்பிள்ளை மகனாகவே இருப்பான். கட்டணமும் பகலுணவும் வீட்டின் கணக்கிலிருந்து நீங்கிய பின்னரே மகளின் முறை வந்தது. தனியார் பள்ளி ஆசிரியர்க்கும் ஓய்வூதியம் கிடைத்தது அவர் காலத்தில்தான்.

மக்கள் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 1951-இல் நூற்றுக்கு இருபத்தொன்றாக இருந்தது, 1961-இல் முப்பத்தொன்றாயிற்று. பத்தாண்டில் பத்து என்பது பார்வைக்குச் சிறிது. அப்பத்தில் பெரும்பாலோர் தம் குடியிலேயே முதன்முதலாக எழுதுகோல் பிடித்தவர்.

அணைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கீழ்பவானி, மணிமுத்தாறு, வைகை, சாத்தனூர், கிருட்டிணகிரி, அமராவதி என அவர் ஆட்சிக்காலத்தில் நிறைவுற்றவை பல. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிக்கு இவற்றுள் ஒன்றும் தண்ணீர் தரவில்லை. ஆற்றுநீர் எட்டாத மேட்டு நிலம் இது. முதலமைச்சரின் சொந்தத் தொகுதியும் அண்டைத் தொகுதிகளும் மழையை நம்பியே இருந்தன. கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள், நெய்வேலியில் நிலக்கரி, திருச்சியில் கொதிகலன் ஆலை எனத் தொழில்கள் எழுந்தன. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாக மானாமதுரைக்குத் தொடர்வண்டிப் பாதை 1960-களில் வந்தது. பிழைப்புத் தேடி வெளியூர் செல்வோர்க்கு அது உதவிற்று என்றால் மிகையாகாது. தம் மண்ணுக்குத் தனிச்சலுகை காட்டாத நேர்மை என்று இதனைப் போற்றுவோர் உளர்; தம் மண்ணை மறந்தார் என்போரும் உளர். இரண்டையும் கரிசற்காட்டு டீக்கடைகளில் ஒரே மேசையிற் கேட்கலாம்.

அவர் வாழ்வைப் புகழ்மாலையாக மட்டும் தொடுப்போர் விரைந்து கடந்துவிடும் இடங்கள் இரண்டு. இரண்டும் இந்நிலத்தைச் சேர்ந்தவை.

முதலாவது, சங்கரலிங்கனார். அவரும் விருதுநகர்க்காரர், காந்தியவாதி, விடுதலைப் போரிற் கலந்துகொண்டவர். தம் வீட்டைப் பெண்கள் பள்ளிக்கு எழுதிவைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கவும் பணம் அளித்தவர். பகல் உணவுத் திட்டத்தின் உணர்வு அவரிடமும் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. 1956 சூலை 27-இல் அவர் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்னும் பெயர் இடுதல் முதலாகப் பன்னிரண்டு கோரிக்கைகள். தலைவர்கள் ஆடம்பரம் நீக்குதல், தொடர்வண்டியில் ஒரே வகுப்பு முதலியனவும் அவற்றுள் அடங்கும். எழுபது நாட்களுக்கும் மேலாக நோன்பு நீடித்தது. அண்ணாவும் சீவாவும் ம.பொ.சி.யும் போன்றோர் அவர்பொருட்டுக் கவன்றனர். கோட்டையில் அதே ஊரின் மகன் முதலமைச்சர். அரசு இணங்கவில்லை. அக்டோபர் 13-இல் மதுரை மருத்துவமனையிற் சங்கரலிங்கனார் உயிர்நீத்தார். அவர் விருப்பப்படி உடல் பொதுவுடைமைக் கட்சித் தலைவர்களான கே.பி. சானகியம்மாள், கே.டி.கே. தங்கமணி ஆகியோரிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தொன்பது நாள் கழித்து நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலம் பிறந்தது. அதன் பெயர் சென்னை மாநிலம்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது அவனைத் தேடிப் பிசிராந்தையார் வந்தார் என்பது நாம் வகுப்பறைகளில் நெகிழ்ந்து உரைக்கும் செய்தி. விருதுநகர்த் தேசபந்து திடலில் வடக்கிருந்தவருக்கு வாய்த்தது அவ்வாறன்று. தமிழுக்குக் காமராசர் ஆட்சி ஒன்றும் செய்யவில்லை என்பதும் பொருந்தாது. அதே 1956-இன் இறுதியில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் அவர் அமைச்சரவையால்தான் நிறைவேறியது. கலைக்களஞ்சியத் தொகுதிகள் வெளிவந்தன. கல்லூரியிலும் தமிழ்வழிக் கல்வி முயன்று பார்க்கப்பட்டது. 1961-இல் அரசின் தமிழ் ஆவணங்களில் மட்டும் தமிழ்நாடு என்னும் பெயர் வழங்க இசைவு தரப்பட்டது. மொழியைக் கோப்புகளுக்குள் கொண்டுவந்தவர், பெயரை மட்டும் தர ஏன் தயங்கினார்? தில்லித் தலைமைக்கு எதிராகச் செல்லாத கட்சி ஒழுங்கு ஒரு காரணம். பெயர் கேட்போர் பிரிவினை கேட்போர் என்னும் ஐயம் மற்றொன்று. பெயரைக் காட்டிலும் பள்ளி பெரிது என்று அவர் கருதியிருக்கலாம். கருதியது தவறு. ஒரு மக்கள் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்வர் என்பதும் எழுத்தறிவின் பாற்பட்டதே. 1967-இல் அண்ணா முதலமைச்சராகி அவையில் தீர்மானம் நிறைவேற்றினார். 1969 சனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது, 1957 செப்டம்பர். திருச்சுழிக்குத் தெற்கே முதுகுளத்தூர் வட்டாரத்தில் சாதிப்பகை மூண்டது. செப்டம்பர் 11-இல் தாழ்த்தப்பட்டோர் தலைவர் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியிற் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்துக் கீழத்தூவலிற் காவலரின் துப்பாக்கிக்கு ஐவர் இரையாயினர். தொடர்ந்த கலவரத்தில் ஊர்கள் எரிந்தன. இருதரப்பிலும் எளியோரே மாண்டனர். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கைதாகி, 1959-இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். ஊர்தோறும் பள்ளி திறந்த ஆட்சி, அப்பள்ளிகளில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ட பிள்ளைகளின் பெற்றோர் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதைத் தடுக்க முடியாமற் போயிற்று. உரிய காலத்தில் உறுதி காட்டவில்லை என ஒரு சாரார். காட்டிய உறுதி ஒருபக்கமாக இருந்தது என மற்றொரு சாரார். அப்பேச்சு இப்பகுதியில் இன்னும் ஓயவில்லை.

பின்வந்த ஆண்டுகள் யாவரும் அறிந்தவை, சுருக்கமாகவே சொல்லலாம். மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்னும் தம் திட்டப்படி 1963 அக்டோபர் 2-இல் முதலமைச்சர் பதவியைத் தாமே முதலில் துறந்தார். அனைத்திந்தியக் காங்கிரசின் தலைவரானார். நேருவுக்குப்பின் சாத்திரியும், சாத்திரிக்குப்பின் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு அவரே வழியமைத்தார். இந்தி அறியாத, ஆங்கிலத்தை அளந்தே பேசிய ஒருவர் தில்லியில் இருமுறை ஆட்சியை அமைத்தார் என்பது சொல்வன்மையையே அரசியலின் முதலெனக் கொள்வோரைச் சிந்திக்கவைக்கும். அவர் கூடியிருந்தோரைப் பேசவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்தபின் முடிவு அவரிடம் இருந்தது.

1967 பிப்ரவரித் தேர்தலில் அவர் சாத்தூரை விட்டுப் பிறந்த ஊரான விருதுநகரில் நின்றார். தேர்தலுக்குச் சற்று முன் ஊர்தி விபத்திற் காயமுற்றுப் படுக்கையிலிருந்தார். நாட்டில் அரிசிப் பஞ்சம்; 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் புண் ஆறவில்லை. அப்போராட்டத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன் கழகத்தின் வேட்பாளர். காமராசர் 1285 வாக்குகளில் தோற்றார். தாம் சோறிட்டுப் படிக்கவைத்த பிள்ளைகளே அவரைத் தோற்கடித்தனர் என்று பலரும் எழுதிவிட்டனர். அழகிய முரண், கணக்கு இடங்கொடுக்கவில்லை. 1956-இல் ஆறு வயதிற் பள்ளிச் சோறுண்ட பிள்ளைக்கு 1967-இல் வயது பதினேழு. அன்று வாக்குரிமை பெற இருபத்தொன்று நிறைய வேண்டும். வாக்களித்தவர் அப்பிள்ளைகள் அல்லர், அவர்களின் பெற்றோர். பள்ளியிற் பிள்ளைக்குச் சோறு கிடைத்தது என்பதற்காக, வீட்டில் அரிசி இல்லாததைப் பெற்றோர் பொறுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிடி அரிசி ஒதுக்குவதற்கும் உலையில் முதலில் அரிசி இருக்க வேண்டும்.

தோல்வியை அவர் வாய் திறவாமல் ஏற்றார். வென்ற அண்ணாவும் அத்தோல்வியைக் கொண்டாடவில்லை. 1969 சனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தல் அவரை மக்களவைக்கு அனுப்பியது. 1971-லும் அத்தொகுதி அவரைக் கைவிடவில்லை. கரிசற்காடு அவருக்கு மீண்டும் தொகுதியாகவில்லை. தாயார் சிவகாமி அம்மையார் 1969-இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே காங்கிரசு பிளவுபட்டது. தாம் பிரதமராக்கியவரை அவர் எதிரணியில் நின்று காண நேர்ந்தது. 1975 சூனில் நெருக்கடிநிலை வந்தது. உடன் சிறை கண்ட தோழர்கள் மீண்டும் சிறையில் அடைபட்டதை அறிந்து வருந்தியிருந்தார். அக்டோபர் 2-ஆம் நாள், சென்னைத் திருமலைப்பிள்ளை சாலையில் இருந்த வாடகை வீட்டில் நண்பகல் உறக்கத்தை ஒட்டி உயிர் பிரிந்தது. சில வேட்டி, சில சட்டை, சிறு தொகை, நூல்கள் ஆகியவையே அவர் உடைமை. அடுத்த ஆண்டு பாரத இரத்தினா விருது அளிக்கப்பட்டது.

1985-இல் இராமநாதபுர மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விருதுநகரும் சாத்தூரும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய பகுதி காமராசர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 1997-இல் சாதிக் கலவரங்களையொட்டி மாவட்டங்களுக்கு இடப்பட்ட தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அது விருதுநகர் மாவட்டமாயிற்று. விருதுநகரில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக உள்ளது. அதே ஊரில் சங்கரலிங்கனாருக்கும் மணிமண்டபம் எழுந்திருக்கிறது. சத்திரிய வித்தியாசாலையில் இன்றும் பிள்ளைகள் படிக்கின்றனர்.